வலிக்காத கைக்கு ஒரு ஜோடி உறை

அம்பத்தூர் வெயிலில் உட்கார்ந்து கைக்கு உறை பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, செல்போனில் ஒரு வீடியோவை ஓட்டி ஓட்டி நிறுத்தி, நான் முதல் வரிசை போட்டுக்கொண்டிருந்த அன்று பூக்கார அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, ஊட்டிக்குக் குடி போறீங்களா?"

மருமகளுக்கு ஆபீஸில் ஏசி குளிர் தாங்கவில்லையாம், அவளுக்காக என்றேன். அவர் என் கையை ஒரு பார்வை பார்த்தார். நூலை என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். "மருமக கைக்கு உன் கையில அளவெடுத்துக்கினு கீறியே" என்று சொல்லிவிட்டு, முழம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா பேச்சில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும். குத்தாது, ஆனால் அங்கே இருக்கிறது என்று தெரியும்.

உறை எனக்குத்தான். குளிருக்கும் அல்ல.

மகன் கல்யாணம் முடிந்த சில மாதங்களில் என் வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளை விழுந்தது. சோப்பு சரியாகப் போகவில்லை என்று நினைத்துத் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிர வெள்ளை போகவில்லை. பிறகு அது புறங்கைக்கு இறங்கியது, முழங்கைப் பக்கம் ஏறியது. ஆவடியில் தோல் டாக்டரிடம் போனேன். வெண்புள்ளி, ஒட்டாது, உடம்பை ஒன்றும் செய்யாது என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். அதற்கு ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு. அதில் இன்னொரு நோயின் பெயர் சேர்ந்திருக்கும். அந்தப் பெயரை டாக்டர் சொல்லவில்லை. வெளியில் காத்திருந்த இரண்டு பெண்கள் என் கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஓடுகிறதா ஓடவில்லையா என்று மட்டும்தான் பார்ப்பார். "கை வேலை செய்யுதில்ல?" என்று கேட்டார். செய்கிறது என்றேன். அத்தோடு அவருக்கு முடிந்துவிட்டது. மருமகளோ வந்த நாளிலிருந்து நான் உருட்டிக் கொடுக்கிற தயிர் சாதத்தை அந்தக் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டாள். வெள்ளை வந்த பிறகும் அதே கையிலிருந்துதான் வாங்கினாள்.

அப்படியானால் யாருக்குப் பயந்தேன்? மருமகளின் அம்மாவுக்கு. என் சம்பந்தியம்மாவுக்கு.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நெமிலிச்சேரியில் இருக்கிறார். வாய் நிறையப் பேசுவார், வந்தால் கையில் ஏதாவது கீரைக்கட்டு இருக்கும். மருமகளுக்கு முதல் கர்ப்பம் நிற்கவில்லை. அன்றைக்கு எங்கள் சமையலறையில் நின்று, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, மகளுக்குக் கேட்காமல் அழுதார். மறுபடி உண்டானதும் அவருக்கு எதைப் பார்த்தாலும் பயம். பப்பாளிக்குப் பயம், ஸ்பீடு பிரேக்கருக்குப் பயம், பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்துக்குப் பயம். மகள் ஆட்டோவில் போகும்போது போன் செய்து, டிரைவரிடம் கொடு என்று சொல்லி, "கண்ணு, பொறுமையா ஓட்டுப்பா" என்று அவரிடமே கெஞ்சுவார். இப்படிப்பட்டவர் என் கையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ரத்தத்தில் வரும், பிள்ளைக்கும் வரும் என்று யாராவது அவர் காதில் போடுவார்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடும். பிரசவம் அங்கேதான். குழந்தையை யார் தூக்கலாம், யார் தூக்கக்கூடாது என்பது அவர் வாயில் இருக்கிறது. என் பேரக்குழந்தையை என் கையில் கொடுக்க அவர் யோசித்துவிடுவாரோ என்ற அந்த ஒரே பயம்தான் எனக்கு.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முருங்கைக்கீரையோடு வந்து நின்றார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். பதறிப்போய்த் துண்டை எடுத்து வலது கையில் சுற்றிக்கொண்டேன். கையில் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "அத்தைக்குக் கை வலிம்மா. நரம்பு வலி. சூடா வெச்சிருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பொய் சொல்லச் சொல்லி நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் தலையை ஆட்டினேன்.

துண்டை எத்தனை நாள் சுற்றிக்கொண்டிருக்க முடியும்? முழுக்கை ரவிக்கை தைத்துப் பார்த்தேன். புறங்கை வெளியே தெரிந்தது. அப்போதுதான் மருமகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஏசிக்குப் போட்டுக்கொள்வதாம். முழங்கைக்குக் கீழே தொடங்கி விரல் கணு வரை வரும். விரல்கள் வெளியே இருக்கும். கட்டைவிரலுக்குத் தனி வழி. மேலெல்லாம் புடைப்புப் புடைப்பாக ஒரு பின்னல். "இதப் போட்டுக்கிட்டே காய் நறுக்கலாம் அத்த" என்றாள்.

பூந்தமல்லியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நூல், லேஸ், பட்டன் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கம்பளி நூல் கேட்டேன். கடைக்கார பாய், "கம்பளி வாணாம்மா, நம்ம வெயிலுக்கு அரிப்பெடுத்துக்கும். பருத்தியிலயே தடி நூல் கீது, பாருங்க" என்று நாவல்பழ நிறத்தில் ஒரு உருண்டையை எடுத்துப் போட்டார். யாருக்கு என்று கேட்டார். மருமகளுக்கு என்றேன். இந்தப் பதில் நாக்கில் தயாராக நின்றது. கேட்காதவர்களுக்குக்கூடச் சொல்லியிருப்பேன்.

எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தையல் தெரியும், கோலம் தெரியும், இது தெரியாது. வீடியோவில் அந்தப் பெண் பேசிய மொழியும் புரியவில்லை. கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் வழுவழுவென்று வருகிற சாதாரணப் பின்னலில் ஒரு துண்டு போட்டேன். கீழே வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கையில் ஏற்றியதும் துணி விரிந்தது, கண்ணிகள் வாயைத் திறந்தன. அந்த ஒவ்வொரு வாயிலிருந்தும் என் வெள்ளைத் தோல் எட்டிப் பார்த்தது. பிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் புடைப்புப் பின்னலின் அருமை தெரிந்தது. ஊசியை முன்னாலிருந்து விட்டு இழுத்தால் கண்ணி தட்டையாக உட்காரும். பின்னாலிருந்து விட்டு இழுத்தால் ஒரு சின்ன முடிச்சுபோல எழும்பி நிற்கும். தட்டை ஒன்று, முடிச்சு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அடுத்த வரிசையில் தட்டைக்கு மேலே முடிச்சு வர வேண்டும், முடிச்சுக்கு மேலே தட்டை. கொஞ்சம் வளர்ந்ததும் முறத்தில் அரிசியைப் பரப்பிவைத்ததுபோல இருக்கும். இழுத்தாலும் விரியாது. வெளிச்சத்தில் பிடித்தாலும் அந்தப் பக்கம் தெரியாது. மணிக்கட்டில் நழுவாமல் கவ்விப் பிடிக்க வரிவரியாக ஒரு பட்டை. தட்டையாகவே பின்னி முடித்து, பக்கவாட்டைச் சேர்த்துத் தைக்கும்போது கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு சந்து விட்டுவிட்டேன்.

வலது கைக்கு முடித்ததும் மருமகள், வலி ஒரு கையில்தானே, ஒன்று போதாதா என்று கேட்டாள். கூடாது என்றேன். "ஜோடியாப் போட்டாத்தான்மா அது உறை. ஒண்ணு மட்டும் போட்டா கட்டு. கட்டுன்னா அவுத்துக் காட்டச் சொல்லுவாங்க." பொய்யை இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறவளாக நான் எப்போது ஆனேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்று கூசவில்லை. ஒரு பொட்டுப் புள்ளி இல்லாத இடது கையும் வலது கைக்காகப் புழுங்க வேண்டியதாயிற்று. இடது உறை தளர்ந்துபோய்விட்டது. முதலாவதைப் பயந்து பயந்து இறுக்கிப் போட்டிருந்தேன், இரண்டாவதை சீரியல் பார்த்துக்கொண்டே போட்டேன். அதையும் பிரித்து, மறுபடி பயந்துகொண்டே போட்டேன்.

அழகாக வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா முழுக்க நம்பிவிட்டார். அங்கேதான் என் கஷ்டம் ஆரம்பித்தது. சில நாளைக்கு ஒரு தடவை போன் வரும். மகளைக் கேட்பதற்கு முன்னால் என் கையைக் கேட்பார். வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கச் சொன்னார், முடக்கத்தான் தோசை ஊற்றச் சொன்னார். ஒருமுறை வந்தபோது, வலியை நினைவில் வைத்துக்கொண்டு குக்கரை மெதுவாக, முகத்தைச் சுளித்துத் தூக்கினேன். தூக்கியது இடது கையால். "ஐயோ, இந்தக் கைக்கும் வந்துடுச்சா?" என்று குக்கரைப் பிடுங்கிக்கொண்டு, அன்றைய சமையலை முழுக்க அவரே செய்துவிட்டுப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து உறைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வளைகாப்பை அம்பத்தூரிலேயே ஒரு சின்ன ஹாலில் வைத்தோம். மருமகளுக்கு முதல் வளையல் மாமியார் கையால் என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காக நான் எல்லாம் யோசித்துவைத்திருந்தேன். விரல்தான் வெளியே இருக்கிறதே, சந்தனத்தை விரல் நுனியால் தொட்டுப் பூசிவிடலாம், குங்குமம் வைக்கலாம், வளையலைப் பிடித்து ஏற்றலாம். உறைக்கு மேட்சாகப் புடவைகூட நாவல்பழ நிறத்தில் எடுத்திருந்தேன். அதெல்லாம் யோசித்தபடியே நடந்தது. கன்னத்தில் சந்தனம் பூசினேன். வேப்பிலைக் காப்பு போட்டேன். கண்ணாடி வளையல்களை ஏற்றினேன். மருமகள் என் முகத்தைப் பார்த்து, எல்லாம் சரியாகப் போகிறது என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள்.

எத்தனை வளைகாப்புக்குப் போயிருக்கிறேன். எத்தனை முறை கையை நீட்டி உட்கார்ந்து, சிவப்பும் பச்சையுமாக வளையல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். பெண்ணுக்குப் போட்டு முடித்ததும் வந்திருக்கிற சுமங்கலிகள் எல்லோருக்கும் கையில் சந்தனம் பூசி வளையல் போட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நான் அவளுக்குப் போடுவதை மட்டும் யோசித்தேன். எனக்குப் போடுவார்களே என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

வளையல் தட்டோடு வந்தவர் சம்பந்தியம்மாவின் நாத்தனார். கேலிக்காரி. என் கையைப் பார்த்ததும், "இன்னா சம்பந்தி, அம்பத்தூர் எஸ்டேட்ல வெல்டிங் வேலைக்குப் போறீங்களா? கையக் காட்டுங்க, கழட்டுங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலி என்றேன். வளையல் போட்டால் வலிக்குமா, இது என்ன புதுக்கதை என்று உறையின் நுனியைப் பிடித்தார்.

"விடு, விடு. அவங்களுக்கு வலிக்கும். நான் பாத்துப் போடறேன்."

சம்பந்தியம்மா எழுந்து வந்துவிட்டார். அவ்வளவு வேலைக்கு நடுவில் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன தைல பாட்டிலை எடுத்தார். எனக்காக வாங்கிவைத்திருந்தாராம். கொஞ்சம் தேய்த்துவிட்டால் வளையல் வழுக்கிக்கொண்டு ஏறும், வலியும் தெரியாது என்றார். என் எதிரில் தரையில் உட்கார்ந்து, வலது கையைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். என்னால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு மெதுவாகப் பிடித்திருந்தார். குழந்தைக்குச் சட்டை கழற்றுகிறதுபோல மேல் விளிம்பிலிருந்து உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

மணிக்கட்டு வருவதற்கு முன்பே நின்றுவிட்டார்.

முகம் நிமிரவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, சுருட்டிய அதே நிதானத்தோடு உறையை மேலே ஏற்றிவிட்டார். விளிம்பை இழுத்துச் சரிசெய்தார். வளையல்களை எடுத்து என் மடியில் வைத்தார். நாத்தனாரிடம் திரும்பி, "கை வீங்கியிருக்கு. வீட்டுக்குப் போய் போட்டுப்பாங்க" என்றார்.

நான் சொன்ன பொய்யை அவர் அவருடைய சொந்தக்காரர்கள் முன்னால் எடுத்துச் சொன்னார். அந்த நிமிடத்தைப்போல என் ஆயுசில் நான் கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை. அவர் அதை என் மானத்துக்காகச் செய்தாரா, தன் பெண் வாழ்க்கைப்பட்ட வீட்டின் மானத்துக்காகவா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நாற்காலியில் முழங்கை வரை வளையலோடு உட்கார்ந்திருந்த மருமகள் அழ ஆரம்பித்தாள். புருஷன் வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

பந்தி முடிந்து, கை கழுவுகிற இடத்தில் அவரைப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தன நாளா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்றேன்.

"எம் பொண்ணுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் பழி என்னோடு போயிருக்கும். தெரியும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவதான் மொதல்ல கை வலின்னு சொன்னா" என்றும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும்தான் என்ன செய்தேன் என்று புரிந்தது. எனக்காகப் பேசிய வயிற்றுப்பிள்ளைக்காரியைக் காட்டிக்கொடுத்து, நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர், "கொழந்தைக்கு வருமா?" என்று கேட்டார்.

ஒட்டாது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார், தொட்டால் வராது, தூக்கினால் வராது என்றேன். பிள்ளைகளுக்கு வருமா என்று நான் டாக்டரிடம் கேட்கவே இல்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில் கேட்கவில்லை. அதையும் சொன்னேன்.

அவர் குழாயை மூடினார். "அந்தத் தைலத்துக்கு நான் ஆவடி பூரா அலைஞ்சேன் சம்பந்தியம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது, எப்போதும் ஊருக்கே கேட்கிறமாதிரி "வரேன்" சொல்லிவிட்டுப் போகிறவர், என் பக்கம் தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு போன் இல்லை. மருமகள் பேசினாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "இருக்காங்க அத்த" என்பாள். மகன் போய்விட்டு வருவான். யாராவது ஏதாவது கேட்டார்களா என்று அவன் முகத்தைப் பார்ப்பேன், அவன் டிபன் பாக்ஸைக் கொண்டுபோய்த் தேய்க்கப் போடுவான். நான் இடையில் டாக்டரிடம் போய், கேட்காமல் விட்டதைக் கேட்டேன். சில குடும்பங்களில் வருகிறது, பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவதில்லை, வரவே வராது என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது, வந்தாலும் இப்படித்தான் இருக்கும், உங்களுக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டார். அந்தப் பதிலை போனில் சம்பந்தியம்மாவிடம் சொல்லலாம் என்று நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

கடைசியில் அவரே கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம வாங்க. அந்தக் கை உறையப் போட்டுக்காம வாங்க."

அம்பத்தூரிலிருந்து நெமிலிச்சேரிக்கு மின்சார ரயிலில் எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? அன்றைக்கு அது திருப்பதி போகிற தூரமாக இருந்தது. கையைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். கம்பியைப் பிடிக்க வெளியே எடுத்தேன், மறுபடி உள்ளே வைத்தேன். எதிர் சீட்டுப் பெண் பார்த்தாளா, ஜன்னலைப் பார்த்தாளா, தெரியாது. பார்த்ததாகவே எனக்குத் தோன்றியது.

அவர்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் மருமகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை வாங்கினேன். அந்தப் பெண்ணின் கண் டம்ளரில் இருந்தது, டம்ளரைப் பிடித்த கையில் இருந்தது. "கையில என்னங்க அது?" என்று கேட்டே விட்டார்.

நான் விழுங்கிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. தோசைக் கரண்டியின் சத்தம்கூட நிற்கவில்லை.

"வெண்புள்ளி. ஒட்டாது. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தைகள் எனக்கானவை. அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்காது. மருமகளுக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. டாக்டர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாக் குழந்தைக்கும் வராது, ஆனால் வராது என்று சத்தியம் பண்ண முடியாதாம் என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னேன். அவர் தட்டோடு வந்து என் முன்னால் வைத்தார்.

"அத அப்பவே வந்து சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா சேந்து பயந்திருப்போம்" என்றார். "சாப்பிடுங்க. மாசம் நெருங்குனதும் இங்கயே வந்து இருந்துடுங்க. கொழந்தையக் குளிப்பாட்டறதெல்லாம் என்னால தனியா ஆவாது."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பூன் கேட்கலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. கேட்கவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வலது கையாலேயே தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தேன்.